கேட்ச் விடும் உரிமை

மகாயா நிடினி 2020 ஜூலையில் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் சொன்னது என்னை இன்னும் விடவில்லை. தென்னாப்பிரிக்காவுக்காக 101 டெஸ்ட் ஆடி 390 விக்கெட் எடுத்தவர். அந்த நாட்டின் டெஸ்ட் அணிக்குள் நுழைந்த முதல் கறுப்பின ஆப்பிரிக்கர். ஆட்ட நாள்களில் அவர் அணிப் பேருந்தில் ஏற மாட்டாராம். பையை ஓட்டுநரிடம் கொடுத்துவிட்டு ஹோட்டலிலிருந்து மைதானத்துக்கு ஓடியே போய்விடுவார், ஓடியே திரும்புவார். உடம்பைக் கட்டுக்கோப்பாக வைத்துக்கொள்ள ஓடுகிறார் என்றுதான் பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள். பேருந்தில் அவர் பின்னால் போய் உட்கார்ந்தால் மற்றவர்கள் முன்பக்கம் போய்விடுவார்கள் என்பதால் ஓடினார். ராத்திரி சாப்பிடக் கிளம்பும்போது ஒருவரும் அவர் அறைக் கதவைத் தட்டவில்லை. விக்கெட் விழுந்ததும் ஓடிவந்து கட்டிப்பிடித்து, தலைமுடியைக் கலைத்து, தோளில் ஏறிக் கூத்தாடிய அதே ஆட்கள்தான். வியர்வையோடு வியர்வை ஒட்டிக்கொள்வதில் யாருக்கும் சங்கடம் இருந்ததில்லை. மாலை ஆறு மணிக்கு மேல்தான் அந்தச் சங்கடம் எங்கிருந்தோ வந்து உட்கார்ந்துகொள்கிறது. விளையாட்டு மனிதர்களை ஒன்றாக்கும் என்று பள்ளிக்கூட விழா மேடைகளில் கேட்கும்போதெல்லாம், தட்டப்படாத அந்தக் கதவுதான் எனக்கு நினைவுக்கு வருகிறது.

அந்தக் கதவைத் தேடித் தென்னாப்பிரிக்கா வரை போக வேண்டாம், எங்கள் ஊரே போதும். காஞ்சிபுரத்துச் செவிலிமேட்டில் வந்தவாசி சாலைப் பாலத்துக்குக் கீழே பாலாறு வருஷத்தில் பெரும்பகுதி மணலாகத்தான் கிடக்கும். 2021 நவம்பரில் கரை புரண்டு ஓடியதைப் பார்த்தவர்களுக்கு, இதே ஆறா என்று இருந்திருக்கும். மணல் அள்ளிய பள்ளங்களும் சீமைக் கருவேலப் புதர்களும் விட்டுவைத்த கெட்டியான தரையில் பையன்கள் டென்னிஸ் பந்தில் ஆடுவார்கள். இந்தப் பக்கத்து டோர்னமென்ட்களில் ஒரு அணியின் பேரைக் கேட்டாலே அது ஊரா காலனியா என்று தெரிந்துவிடும். பேரில் தெரியாவிட்டால் பனியனின் நிறத்தில், முதுகில் அச்சடித்த தலைவரின் படத்தில் தெரிந்துவிடும். இரண்டு அணிகளும் ஒன்றையொன்று எதிர்த்து ஆடத் தயங்குவதில்லை. இந்த விஷயத்தைப் பேச்செடுத்தால் பெரியவர்கள் ஒரே மாதிரிதான் சொல்வார்கள்: "கிரவுண்டுல யாருங்க சாதி பாக்கறா?" உண்மைதான், கிரவுண்டில் பார்ப்பதில்லை. ஓவர் முடிந்து தண்ணீர் பாட்டில் கைமாறும்போது நான் உற்றுப் பார்ப்பேன். நம் ஊரில் எல்லோரும் அண்ணாந்துதான் குடிக்கிறோம். வாய் வைக்காமல் தூக்கிக் குடிப்பது நல்ல பழக்கம் என்று அம்மா சொல்லிக்கொடுத்தது. ஒரு பையன் வாய் வைத்துக் குடித்த பாட்டிலை அடுத்தவன் வாங்காமல் தள்ளிவிடும்போது, சுத்தம் பார்க்கிறானா, வேறு எதையாவது பார்க்கிறானா என்று வெளியிலிருந்து சொல்லவே முடியாது. அவனுக்கே தெரியாமலும் இருக்கலாம். பாகுபாடு நல்ல பழக்கத்துக்குள் இவ்வளவு சௌகரியமாக ஒளிந்துகொண்டிருக்கும்போது அதைக் குறைக்க மைதானத்தில் என்ன செய்ய முடியும் என்பதுதான் எனக்குள் சுற்றிச்சுற்றி வரும் கேள்வி. ஆட்டத்துக்கு முன்னால் இனவெறிக்கு எதிராக முழங்காலிடுவதா, அணியில் இத்தனை பேர் இருந்தாக வேண்டும் என்று எண்ணிக்கை வைப்பதா? இரண்டும் வேண்டுமா, இரண்டும் வீணா?

நூறு வருஷத்துக்கு முன்னால் நம் நாட்டிலேயே இந்தக் கேள்வி ஒரு மனிதரின் உருவில் நடமாடியிருக்கிறது. பல்வங்கர் பாலு 1876-இல் பிறந்தவர். தோல் வேலை செய்யும் சமார் சாதி. பூனாவில் வெள்ளைக்காரர்களின் கிளப்பில் தரையை உருட்டி, வலை கட்டி, மாதம் சில ரூபாய்ச் சம்பளத்துக்கு இருந்தார். ஜே. ஜி. கிரெய்க் என்ற ஆங்கிலேய மட்டையாளருக்கு மணிக்கணக்காகப் பந்து போட்டுப் போட்டே பெரிய இடதுகைச் சுழற்பந்து வீச்சாளர் ஆனார். அந்தக் கிளப்பை ஜெயிக்க வேண்டும் என்ற வெறி பூனா இந்துக்களுக்கு இருந்ததால் பாலுவை அணியில் சேர்த்துக்கொண்டார்கள். அவர் தொட்ட பந்தைப் பிராமண வீரர்களும் தொட்டார்கள். மாட்டுத்தோலில் தைத்த பந்து என்பதை யாரும் நினைத்துக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். தேநீர் இடைவேளையில் மட்டும் பாலு பந்தலுக்கு வெளியே நிற்பார். குடித்ததும் உடைத்துப் போடும் மண்குவளையில் அவருக்குத் தேநீர் வரும். நம் கிராமத்து டீக்கடைகளின் இரட்டைக் குவளைக்கு இது மூத்த அண்ணன். அவரோடு ஆட முடியும் என்றால் அவரோடு உண்ணவும் முடியவேண்டும் என்று நீதிபதி ரானடே அந்த வீரர்களிடம் பேசினார். 1906-இல் பம்பாயில் இந்து அணி ஐரோப்பியரைத் தோற்கடித்த காலத்துக்குள், அங்கே பாலுவும் அவர் தம்பியும் மற்றவர்களோடு உட்கார்ந்து சாப்பிடும் அளவுக்கு நிலைமை மாறியிருந்தது. மண்குவளையிலிருந்து ஜிம்கானாவின் சாப்பாட்டு மேசைக்கு வந்துசேர எத்தனை விக்கெட் தேவைப்பட்டது என்று யோசித்துப் பாருங்கள். 1911-இல் இங்கிலாந்துக்குப் போன முதல் அகில இந்திய அணி பெரும்பாலும் தோற்றுக்கொண்டே வந்தது, பாலு மட்டும் 114 விக்கெட் எடுத்துத் திரும்பினார். அதற்குப் பிறகும் இந்து அணிக்கு அவரைத் தலைவராக்க மனம் வரவில்லை.

1920-இல் பாலுவை அணியிலிருந்தே விலக்கியபோது அவருடைய தம்பிகள் விட்டலும் சிவராமும் ஆட மறுத்து வெளியேறினார்கள். இது அடையாள எதிர்ப்புதான், ஆனால் இதற்கு விலை இருந்தது. அவர்களுக்கு இருந்த ஒரே மேடை அந்த ஆட்டம்தான், அதையே பணயம் வைத்தார்கள். சமரசம் பேசி பாலுவைத் துணைத்தலைவராகச் சேர்த்தார்கள். தலைவர் பாய் என்பவர் ஆட்டத்தின் நடுவே தானாகவே களத்தைவிட்டு வெளியே போய் பாலுவை அணியை நடத்தவிட்டார். அந்தக் காரியம் எனக்கு மிகவும் பிடிக்கும். வெளியே போனவர் ஒரு பிராமணர், போகாமலே இருந்திருக்கலாம், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். மூன்று வருஷம் கழித்து, 1923-இல், விட்டல் இந்து அணிக்குத் தலைவரானார். அணி ஐரோப்பியரை ஜெயித்தது, ரசிகர்கள் விட்டலைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். நம் சென்னையிலும் இதே பந்தல் கதைதான் வேறு அடுக்கில் நடந்திருக்கிறது. சேப்பாக்கத்தில் ஐரோப்பியர்கள் பெவிலியனுக்குள் மதிய உணவு சாப்பிட, இந்தியர்கள் வெளியே மரத்தடியில் சாப்பிட வேண்டியிருந்த அவமானத்தில்தான் புச்சிபாபு நாயுடு 1888-இல் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கினார். வெள்ளைக்காரன் நம்மை மரத்தடியில் உட்காரவைத்தது நமக்கு உடனே உறைத்தது. பாலுவை நாம் பந்தலுக்கு வெளியே நிறுத்தியது உறைக்க, அவர் நூற்றுக்கணக்கில் விக்கெட் எடுக்க வேண்டியிருந்தது.

பாலுவின் கதையை இத்தோடு நிறுத்தி ஒரு வெற்றிக்கதையாக்கிவிடலாம், பலர் அப்படித்தான் நிறுத்துகிறார்கள். 1932 வருகிறது. தலித்துகளுக்குத் தனி வாக்காளர் தொகுதி கேட்டு அம்பேத்கர் நிற்கிறார். கிரிக்கெட்டால் புகழ்பெற்ற பாலு, சென்னையைச் சேர்ந்த எம். சி. ராஜாவோடு சேர்ந்து கூட்டுத் தொகுதியின் பக்கம் நிற்கிறார். பூனா ஒப்பந்தத்தில் இவர்கள் எல்லோருடைய கையெழுத்தும் இருக்கிறது. 1937 தேர்தலில் பம்பாயில் அம்பேத்கரை எதிர்த்துக் காங்கிரஸ் நிறுத்திய வேட்பாளர் பாலு. சுமார் 2,000 வாக்கில் தோற்றார். பாலுவின் நேர்மையை நான் சந்தேகிக்கவில்லை. அவருடைய அரசியல் அவருடையது, இளம் அம்பேத்கருக்கே அவர் ஒரு நாயகராக இருந்தவர். என்னைத் தொந்தரவு செய்வது வேறு. பந்தலுக்கு வெளியே நின்றவன் ஒருவன் முன்னேறிவிட்டால், அந்த ஒருவனையே காட்டி மற்ற எல்லோருடைய கோரிக்கையையும் மறுக்கலாம் என்ற வசதி இந்தச் சமூகத்துக்கு உடனே கிடைத்துவிடுகிறது. இதோ பாலு இல்லையா, அவர் யாரிடமாவது இடம் ஒதுக்கச் சொல்லிக் கேட்டாரா? இந்தக் கேள்வி இன்றைக்கும் வேறுவேறு பெயர்களோடு காதில் விழுகிறது. ஒரு மனிதரை அடையாளமாக்கிவிட்டால் அவரை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திருப்பி வைத்துக்கொள்ளலாம். இதற்கு நேர் எதிரான ஒருவரும் நம் பழைய செங்கல்பட்டு மாவட்டத்திலேயே பிறந்திருக்கிறார். மதுராந்தகம் பக்கத்துக் கோழியாளத்துக்காரர் இரட்டைமலை சீனிவாசன். 1930-இல் வட்டமேசை மாநாட்டுக்குப் போனபோது தன்னைத் தீண்டத்தகாதவன் என்று எழுதிய பட்டையை மார்பில் அணிந்திருந்தார் என்றும், ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் நீட்டிய கையைப் பற்றாமல் நின்றார் என்றும் சொல்வார்கள். அது ஒரு அடையாளச் செயல், சந்தேகமில்லை. அந்தப் பட்டையை அணிந்தவர் சட்டசபையில் இத்தனை இடம் வேண்டும் என்ற கோரிக்கையோடுதான் கப்பல் ஏறினார். அடையாளமும் எண்ணிக்கையும் அவரிடம் ஒன்றாகவே இருந்தன. பிற்காலத்தில்தான் இரண்டையும் பிரித்து, அடையாளத்தை வைத்துக்கொண்டு எண்ணிக்கையைக் கைவிடக் கற்றுக்கொண்டோம் என்று எனக்குத் தோன்றுகிறது.

2021-இன் நான்கு மாதங்களை வரிசையாக நினைத்துப் பார்க்கிறேன். ஜூலை 11, லண்டன். ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டம். இங்கிலாந்து அணி ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் முழங்காலிட்டு வந்த தொடர் அது. பெனால்ட்டியைத் தவறவிட்ட ராஷ்ஃபோர்ட், சாஞ்சோ, சாக்கா மூவரும் கறுப்பர்கள். அன்றிரவே அவர்கள் மேல் வசை மழையாகக் கொட்டியது. ஆகஸ்ட் 4, டோக்கியோ ஒலிம்பிக். பெண்கள் ஹாக்கி அரையிறுதியில் இந்தியா அர்ஜென்டினாவிடம் தோற்றதும் ஹரித்வார் பக்கத்தில் வந்தனா கட்டாரியாவின் வீட்டு வாசலில் சிலர் வெடி வெடித்து ஆடினார்கள். அணியில் தலித்துகள் அதிகமாகிவிட்டதால்தான் தோற்றது என்று கத்தினார்கள் என அவர் குடும்பம் புகார் கொடுத்தது. நான்கு நாள் முன்புதான் அவர் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக மூன்று கோல் அடித்திருந்தார், ஒலிம்பிக்கில் ஹாட்ரிக் அடித்த முதல் இந்தியப் பெண். அக்டோபர் 24, துபாய். பாகிஸ்தானுக்கு எதிரான ஆட்டத்தில் இந்திய கிரிக்கெட் அணி கறுப்பின மக்களுக்கு ஆதரவாக முழங்காலிட்டது. ஆட்டம் தோற்றதும் அந்த அணியிலிருந்த ஒரே முஸ்லிமான முகமது ஷமியைத் துரோகி என்றார்கள். இரண்டு நாள் கழித்து அதே துபாயில், எல்லோரும் முழங்காலிட வேண்டும் என்று தென்னாப்பிரிக்க வாரியம் உத்தரவு போட்டதும் அந்த அணியின் குவின்டன் டி காக் ஆடாமல் விலகினார். பிறகு மன்னிப்புக் கேட்டு முழங்காலிட்டார். உத்தரவின் பேரில் மடக்கிய முழங்கால் எதைச் சொல்கிறது என்று அப்போதும் எனக்குப் புரியவில்லை, இப்போதும் புரியவில்லை. 1968-இல் மெக்சிகோவில் கறுப்புக் கையுறை அணிந்து கையை உயர்த்திய டாமி ஸ்மித்தையும் ஜான் கார்லோஸையும் போட்டியிலிருந்தே அனுப்பிவிட்டார்கள். பக்கத்தில் சின்னம் குத்திக்கொண்டு நின்ற வெள்ளைக்கார ஆஸ்திரேலியர் பீட்டர் நார்மனை அடுத்த ஒலிம்பிக்குக்கு அனுப்பவில்லை. இழப்பதற்கு ஏதாவது இருந்து, அதை இழக்கவும் துணிந்து செய்யும்போதுதான் ஒரு செய்கை பார்ப்பவனைக் குத்துகிறது. துபாயில் குனிந்த நம் வீரர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவர்கள் நல்ல மனத்தோடுதான் செய்திருப்பார்கள். ஆனால் பதினோரு வாரம் முன்னால் ஹரித்வாரில் நம் நாட்டுப் பெண் ஒருத்தியின் வாசலில் வெடித்த வெடிக்காக எந்த மைதானத்திலும் யாரும் முழங்காலை மடக்கவில்லையே. தூரத்து அநீதிக்குக் குனிவது எளிது. பக்கத்துத் தெருவுக்காகக் குனிந்தால் அந்தத் தெருவுக்கே திரும்பிப்போக வேண்டியிருக்கும்.

இந்த நான்கு மாதத்து வசைகளில் ஒரு ஒற்றுமை இருக்கிறது. எல்லாமே தோற்ற பிறகு நடந்தவை. ஜெயிக்கும்வரை அவர்கள் நம்மவர்கள். இதை யோசிக்கும்போது என் ஊரின் பழைய கதை ஒன்று குறுக்கே வந்து நிற்கும். செவிலிமேட்டுச் சாலைக் கிணறு ராமானுஜரின் கதையோடு சேர்ந்தது. குரு யாதவப் பிரகாசரின் கூட்டத்திலிருந்து உயிர் தப்பி விந்தியக் காட்டில் தனியாக அலைந்த இளைஞருக்கு ஒரு வேடனும் வேடுவச்சியும் வழித்துணையாக வந்தார்கள். வேடுவச்சி தண்ணீர் கேட்டாள். இந்தக் கிணற்றில் இறங்கிக் கையால் அள்ளிக் கொண்டுவந்து கொடுத்தார். மீண்டும் அள்ளி வருவதற்குள் இருவரும் மறைந்துவிட்டார்கள். கண்ணெதிரே காஞ்சியின் கோபுரங்கள். வந்தவர்கள் வரதராஜரும் பெருந்தேவித் தாயாரும். அன்றுமுதல் இந்தக் கிணற்றுத் தண்ணீரை அவர் தினமும் பெருமாளுக்குச் சுமந்தார் என்பது குருபரம்பரை. வேடுவச்சிக்குத் தண்ணீர் கொடுத்த கையை நான் மதிக்கிறேன். வந்தது யார் என்று தெரியாமல்தான் அவர் கொடுத்தார், கதையின் உயிரே அதில்தான் இருக்கிறது. ஆனால் கேட்டுக்கேட்டு வளர்ந்த நமக்கு மனத்தில் தங்கியிருப்பது, வந்தவர் தெய்வம் என்பது மட்டும். அவர்கள் வெறும் வேடனும் வேடுவச்சியுமாகவே இருந்து, தண்ணீரைக் குடித்துவிட்டுத் தங்கள் வழியில் போயிருந்தால் இந்தக் கிணற்றைச் சுற்றி ஒரு கதை முளைத்திருக்குமா? நம் மரபு விளிம்பிலிருப்பவனை ஏற்க மறுப்பதில்லை. அவன் தெய்வமாக மாறிக் காட்டினால் கையெடுத்துக் கும்பிடவும் செய்கிறது. பாலு 114 விக்கெட் எடுத்துக் காட்டினார். வந்தனா மூன்று கோல் அடித்துக் காட்டினார். சாதாரண வேடனாக, சாதாரணப் பந்துவீச்சாளனாக இருப்பவனுக்குத்தான் இங்கே இடம் இல்லை.

இட ஒதுக்கீட்டின் அருமை இந்த இடத்தில்தான் எனக்குத் தெரிகிறது. தகுதியில்லாதவனை உள்ளே விடும் ஏற்பாடு என்று அதைத் திட்டுபவர்கள் சொல்வதில் ஒரு துளி உண்மையைத் திருப்பிப் பிடிக்கலாம்: மேதையாக இல்லாதவனும் உள்ளே இருக்கலாம் என்பதுதான் அதன் நீதி. தென்னாப்பிரிக்கா 2016-இல் ஒரு பருவத்தின் சராசரியாக அணியில் ஆறு பேர் வெள்ளையரல்லாதவர்களாக, அதில் இரண்டு பேர் கறுப்பின ஆப்பிரிக்கர்களாக இருக்க வேண்டும் என்று இலக்கு வைத்தது. அதற்கு முந்தைய வருஷமே அதன் கசப்பைப் பார்த்தாகிவிட்டது. 2015 உலகக் கோப்பை அரையிறுதியில் நன்றாகப் போட்டுக்கொண்டிருந்த கைல் அபாட்டை உட்காரவைத்து வெர்னான் ஃபிலாண்டரை ஆடவைத்தார்கள். அணி தோற்றது. டெஸ்டில் 224 விக்கெட் எடுத்து ஓய்வுபெற்ற ஃபிலாண்டர் அந்த ஒரு நாளுக்காகப் பலர் வாயில் ஒதுக்கீட்டு ஆட்டக்காரர் ஆகிவிட்டார். யாரிடமும் முன்கூட்டிச் சொல்லாமல், மேலேயிருந்து யாரோ கணக்குப் பார்த்துச் செய்யும்போது ஒதுக்கீடு அதைப் பெறுபவனைத்தான் முதலில் காயப்படுத்துகிறது. இதை மறைத்து ஒதுக்கீட்டுக்கு வக்காலத்து வாங்க நான் விரும்பவில்லை. டெம்பா பவுமாவையும் பல வருஷம் அப்படித்தான் அழைத்தார்கள். கேப் டவுனின் லங்கா குடியிருப்பில் பிறந்து, 2016 ஜனவரியில் டெஸ்ட் சதம் அடித்த முதல் கறுப்பின ஆப்பிரிக்கரானவர். ஒரு வெள்ளைக்கார மட்டையாளர் பத்து ஆட்டம் சொதப்பினால் ஃபார்ம் போய்விட்டது என்பார்கள், பவுமா இரண்டு ஆட்டத்தில் சொதப்பினால் ஒதுக்கீடு என்பார்கள். 2025 ஜூன் 14 அன்று லார்ட்ஸில் ஆஸ்திரேலியாவை வென்று உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப்பை அவர் தூக்கிக் காட்டியபோது, தொடைத்தசை பிடித்த காலோடு நொண்டிக்கொண்டே எடுத்த 66 ஓட்டத்தை எல்லோரும் பாராட்டினார்கள். எனக்கும் கண் கலங்கியது. கலங்கிய கண்ணோடு ஒரு பயமும் வந்தது. மறுபடியும் ஒருவர் தெய்வமாகிக் காட்டிவிட்டார், இனி அடுத்த கறுப்புப் பையனிடம் பவுமாவைப் போல ஆடு பார்க்கலாம் என்பார்கள். கேட்ச் விட்டால், கேட்ச் விட்டான் என்று மட்டும் திட்டு வாங்கும் நாள்தான் பாகுபாடு குறைந்த நாள். அந்த நாளைக் கொண்டுவர ஒரு நிடினி போதாது. அணியில் ஒருவர் மட்டும் இருக்கும்வரை அவர் தன் சனம் முழுவதையும் தோளில் சுமந்துகொண்டுதான் ஓடிவந்து பந்து போட வேண்டும். நான்கைந்து பேர் ஆனால் ஒருவர் நன்றாக ஆடுவார், ஒருவர் சொதப்புவார், ஒருவர் சோம்பேறியாக இருப்பார். ராத்திரி ஒருவர் இன்னொருவரின் கதவையாவது தட்டுவார்.

இங்கே ஒதுக்கீட்டுப் பேச்சை எடுப்பவர்களே அபூர்வம். 1932 முதல் இந்தியாவுக்காக டெஸ்ட் ஆடிய ஆண்களில் தலித்துகள் ஒரு கை விரல்களுக்குள் அடங்குவார்கள் என்று 2018-இல் எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லியில் இரண்டு பேர் எழுதி, ஒதுக்கீடு வேண்டாமா என்று கேட்டார்கள். விளையாட்டிலாவது தகுதியை விட்டுவையுங்கள் என்ற வழக்கமான பதில்தான் நாலா பக்கமும் வந்தது. சாதி ஒருபுறம் இருக்கட்டும். அபினவ் முகுந்த் 2017-இல், சின்ன வயதிலிருந்தே தன் நிறத்தைப் பற்றிய பேச்சைக் கேட்டுக்கொண்டே வளர்ந்ததாக எழுதினார். லக்ஷ்மண் சிவராமகிருஷ்ணனும் பிறகு அதையே சொன்னார். சென்னையிலிருந்து போய் இந்தியாவுக்கு ஆடியவர்களுக்கே தோலின் கறுப்பு ஒரு பாரமாக இருந்திருக்கிறது என்றால், பந்தைத் தேடி இன்னும் மைதானத்துக்கே வந்துசேராதவர்களைப் பற்றி என்ன சொல்ல?

சேர்ந்து ஆடினால் மனம் மாறுமா என்பதைச் சிலர் ஆட்டமாகவே நடத்திப் பார்த்திருக்கிறார்கள். மேட் லோ என்ற பொருளியலாளர் உத்தரப் பிரதேச கிராமங்களில் பல சாதிகளைச் சேர்ந்த இளைஞர்களை வைத்து கிரிக்கெட் லீக்குகள் நடத்தினார். சில அணிகளில் ஒரே சாதி, சில அணிகளில் கலந்து. ஒரே அணியில் ஆடியவர்களிடையே சாதி தாண்டிய நட்பு கூடியது. எதிரணியில் மட்டும் வேற்றுச் சாதிக்காரரைப் பார்த்தவர்களிடம் அது குறைந்தது. இதைப் படித்ததும் எனக்குப் பாலாற்று மணல்தான் கண்ணில் நின்றது. ஊர் அணியும் காலனி அணியும் மோதிக்கொள்ளும் நம் டோர்னமென்ட் சமத்துவத்தை வளர்க்கிறது என்று நம்பிக்கொண்டிருக்கிறோம், அது எதிர்த்திசையில்கூட வேலை செய்துகொண்டிருக்கலாம். ஈராக்கில் சல்மா மூசா, ஐஎஸ் அமைப்பால் ஊரைவிட்டு விரட்டப்பட்ட கிறிஸ்தவ இளைஞர்களின் கால்பந்து அணிகளில் முஸ்லிம்களைச் சேர்த்துப் பார்த்தார். தொடர் முடிந்தும் மாதக்கணக்கில் முஸ்லிம் நண்பர்களோடு சேர்ந்து பயிற்சி செய்தார்கள். முஸ்லிம்கள் நிறைந்த மோசூலில் ஓர் உணவகத்துக்குப் போய்ச் சாப்பிடுவதற்கு மட்டும் அந்த மாற்றம் நீளவில்லை. 2020-இல் வெளிவந்த அந்த ஆய்வில் இந்த ஒரு வரி என்னை நிறுத்தியது. பூனாவின் தேநீர், சேப்பாக்கத்து மரத்தடி, நிடினியின் கதவு, இப்போது மோசூலின் உணவகம். எல்லாமே சாப்பிடும் இடத்தில் வந்து நிற்கின்றன. ஒன்றாக உழைப்பதும் ஒன்றாக ஓடுவதும் தானாக அங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பதில்லை. எங்கள் ஊருக்கு இது ஆய்வில்லாமலே தெரிந்திருக்க வேண்டும். கோர்வைச் சேலை நெய்ய ஒரு தறிக்கு இரண்டு ஆள். நெய்பவர் ஒரு பக்கம், மறுபக்கத்துக் கரைக்கு நாடாவைத் தள்ளும் உதவியாள் இன்னொரு பக்கம். பல காலம் அந்த உதவியாள் ஒரு சிறுவன். இந்தியப் பட்டுத்தொழிலின் கொத்தடிமைச் சிறார்களைப் பற்றி 2003-இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இருந்தது, அந்தச் சிறார்களில் தலித்துகள் நிறைய. ஒரே நூலை இரண்டு கைகள் பகல் முழுக்கத் தொட்டுக்கொண்டிருந்தன. ஒருவன் முன்பணத்துக்கு அடகு வைக்கப்பட்டவனாக இருக்கும்போது அந்த நெருக்கம் எந்த மனத்தையும் திறக்கவில்லை. சமமாக உட்கார்ந்தால்தான் பழக்கம் மருந்தாகும், இல்லாவிட்டால் பழக்கமே இழிவைப் பழக்கப்படுத்திவிடும்.

அப்படியானால் ஒதுக்கீட்டிலிருந்து என்ன எதிர்பார்க்கலாம்? மனமாற்றத்தை எதிர்பார்ப்பதை நான் குறைத்துக்கொண்டுவிட்டேன். சைமன் ஷோஷார் ராஜஸ்தானில் தலித் ஊராட்சித் தலைவர்களுக்கு ஒதுக்கிய கிராமங்களில் ஆராய்ந்து 2017-இல் ஒரு புத்தகம் எழுதினார். மேல்சாதியாரின் உள்ளத்து எண்ணங்கள் பெரிதாக மாறவில்லை. ஆனால் வெளிப்படையாக இழிவுசெய்வது குறைந்திருந்தது. இனி அப்படி நடந்துகொள்ள முடியாது, நடந்துகொண்டால் விளைவு இருக்கும் என்று புரிந்துகொண்டிருந்தார்கள். நெஞ்சுக்கு முன்னால் கை அடங்குகிறது. இது சின்ன லாபமா? மனம் திருந்தும்வரை காத்திரு என்று சொல்பவன் அடி வாங்காதவனாகத்தான் இருப்பான். நம் மதுரைப் பக்கத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் 1996-இல் தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டபின் பத்து வருஷம் தேர்தலை நடத்தவிடவில்லை, ஜெயித்தவர்களை உடனே ராஜினாமா செய்யவைத்தார்கள். 2006-இல்தான் தலைவர்கள் நாற்காலியில் நிலைத்து உட்கார முடிந்தது. மேலவளவில் 1997-இல் தலைவர் முருகேசனைப் பேருந்திலிருந்து இறக்கி வெட்டிக் கொன்றார்கள். ஒதுக்கீடு வெறுப்பைக் கிளறும் என்று சொல்பவர்கள் இந்த ஊர்களைத்தான் காட்டுவார்கள். நான் இதே ஊர்களைப் பார்த்து வேறொன்றைச் சொல்வேன்: வெறுப்பு முன்பே அங்கே இருந்தது, நாற்காலி வந்ததும்தான் அதை ஒளித்துவைக்க முடியாமல் போனது.

காஞ்சியின் இன்னொரு கதையையும் விட முடியவில்லை. திருக்கச்சி நம்பி பிராமணர் அல்லர். அவர் உண்ட மிச்சத்தை உண்ண வேண்டும் என்று ராமானுஜர் அவரை வீட்டுக்கு அழைத்தார். ராமானுஜர் வெளியே போயிருந்த நேரத்தில் நம்பி வர, ராமானுஜரின் மனைவி தஞ்சமாம்பாள் உணவளித்து, மீந்ததை வெளியே கொடுத்துவிட்டு, இடத்தை மெழுகிக் குளித்து மறுபடியும் சமைத்தாள். பிற்காலத்தில் மேல்கோட்டையில் அதே ராமானுஜர், திருக்குலத்தார் என்று தாம் பெயரிட்ட தலித் மக்களுக்கு ஆண்டில் மூன்று நாள் கோயிலுக்குள் வர வழிசெய்தார் என்று வழங்கிவருகிறது. தன் வீட்டுக்குள்ளேயே தன் ஒருவருடைய நல்ல மனம் மெழுகித் துடைக்கப்பட்டதைப் பார்த்தவர், பிறகு நாள் குறித்து, முறையாக எழுதிவைத்த ஒரு பங்கைக் கேட்டார் என்று இந்த இரண்டையும் சேர்த்து யோசிக்க எனக்குப் பிடிக்கும். மூன்று நாள் போதாது. மூன்று நாளிலேயே பல நூற்றாண்டு நின்றுபோனதும் உண்மை. ஒதுக்கீடு எங்கே தொடங்குகிறது என்பதைப் போலவே, தொடங்கிய இடத்திலேயே உறைந்துவிடாமல் எப்படிக் காப்பது என்பதும் பெரிய கேள்விதான்.

இந்தப் பக்கத்து டோர்னமென்ட் நடத்தும் பிள்ளைகளிடம் ஒன்று கேட்கலாம் என்று கொஞ்ச நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். என்ட்ரி ஃபீஸ் வாங்கும்போதே, ஒரு அணியில் நான்கு பேராவது வேறு தெருவிலிருந்து இருக்க வேண்டும் என்று விதி வைக்கலாம். சாதியின் பேரைச் சொல்லவே வேண்டாம், தெரு என்று சொன்னால் போதும், எல்லோருக்கும் புரியும். சச்சரவு வரும். காலனிப் பையன்களே வேண்டாம் என்று சொல்லலாம், தங்கள் அணியைத் தங்கள் பேரில் ஜெயிக்கவைப்பதில் அவர்களுக்கு ஒரு மானம் இருக்கிறது, அதைக் கலைக்கச் சொல்ல எனக்கு என்ன உரிமை என்ற தயக்கம் எனக்கும் உண்டு. ஊர்ப் பக்கத்தில் சில அப்பாக்கள் பிள்ளைகளை நிறுத்திக்கொள்வார்கள். வந்து ஆடும் வரைக்கும் வரட்டும். பரிசுப் பணத்தை வாங்கியதும் எல்லா அணிகளும் செய்வதைத்தான் இவர்களும் செய்வார்கள், பிரியாணிக்குச் சொல்வார்கள். கடையில் வாங்கி ஆற்று மணலில் உட்கார்ந்து தின்றால் ஒரு சிக்கலும் வராது. யார் வீட்டு அம்மா சமைக்கிறாள், எந்தத் தெருவில் இலை போடுகிறார்கள், எத்தனை பேர் வயிறு சரியில்லை என்று சொல்லி நழுவுகிறார்கள் என்பதையும் அந்த விதிக்குள் எழுத முடியுமா என்றுதான் தெரியவில்லை. முதல் வருஷம் எழுத வேண்டாம். நான்கு பேரை உள்ளே கொண்டுவருவோம்.